இடது பக்கம் தேய்ந்த நிப்பு

அசாம் ஜாவா, கோலசிலாங்கூர்
4-3-1984

அன்புள்ள கார்த்திகேசு அண்ணனுக்கு,

திலகம் எழுதுகிறேன். நீங்களும் நாகமணி அண்ணியும் சுகம்தானே. இந்தக் கடிதத்துக்கு ஒரு நாள் முன்னோ பின்னோ ரெஜிஸ்டர் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வரும். கையெழுத்துப் போட்டு நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணியிடம் விட்டுவிட வேண்டாம். உள்ளே இருப்பது உங்கள் சிநேகிதரின் பேனா. போஸ்தாபீஸ் ஜன்னலில் நீட்டிவிட்டு வந்ததிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை.

நான் வீடு மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் போன பிறகு, தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிக்கென்று கொடுத்த வீட்டில் நான் எத்தனை நாள் இருக்க முடியும்? புதுக் கிராணி வந்துவிட்டார். கல்யாணமாகாத பையன், கூடத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி வைக்கிறான். நான் இங்கே டவுன் ஓரமாக ஒரு வீடு எடுத்துக்கொண்டு, தினமும் பஸ்ஸில் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன்.

பேனாவின் பின்பக்கத் திருகு இறுகிவிட்டது. மை ஏறவில்லை. பலமாகத் திருக எனக்குப் பயம். அவர் இருந்தவரை எந்தப் பேனாவுக்கு என்ன வந்தாலும், "கார்த்தி பாத்துக்குவான்லா, நீ ஏன் பொலம்புற" என்பார். அந்தத் தைரியத்தில்தான் அனுப்புகிறேன்.

ஒன்றே ஒன்று. மை ஏறும்படி செய்தால் போதும். வேறெதையும் தொட வேண்டாம். ஏன் என்று கேட்காதீர்கள், சொன்னால் சிரிப்பீர்கள். ஜூன் மூன்றாம் தேதி அவருடைய முதல் வருஷ திவசம். அதற்கு முன்னால் பேனா என் கைக்கு வந்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
திலகம்


ரவாங்
13-3-1984

அன்புத் தங்கச்சி திலகத்துக்கு,

பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கையெழுத்தை நானே போட்டேன். தபால்காரன் அடையாள அட்டை வேறு கேட்டான், அவ்வளவு பத்திரம், போதுமா?

பெட்டியைத் திறந்ததும் சேதுவே எதிரில் வந்து உட்கார்ந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பெலிக்கான் 400, பச்சைக் கோடு போட்டது. நானும் அவனும் வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வரும் பேனா விளம்பரங்களைக் கத்தரித்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொண்ட பைத்தியங்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஷீஃபர், பார்க்கர், மோன்பிளாங் என்று மாறி மாறி ஆசைப்படுவோம். ஆனால் கடைசியில் இரண்டு பேருமே வந்து நின்றது இந்தப் பச்சைக் கோட்டில்தான். நாகமணி எட்டிப் பார்த்துவிட்டு, "இந்த ஒத்தப் பேனாவுக்கா ஒம்போது வருஷமா பெருமூச்சு விட்டீங்க?" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்.

அது சேதுவிடம் வந்த கதையை அவன் சொல்லியிருப்பான். நான் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். எழுபத்தைந்தில் கோலசிலாங்கூரில் இனாயத்துல்லா பாய் கடையில் நடந்தது. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர் மேசைச் சாமான்களையெல்லாம் பாயிடம் விற்றுவிட்டுப் போயிருந்தார். அதில் இது. நானும் சேதுவும் ஒரே ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நிற்கிறோம். பாய் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "ஒரு பொண்ணு, ரெண்டு மாப்புள்ள. நான் என்னத்த செய்ய? மையத் தொட்டு ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. யார் கையில ஓடுதோ அவரு எடுத்துக்கட்டும்" என்றார்.

சேது காகிதத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு இடது கையால் எழுதினான். தண்ணீராக ஓடியது. என் கைக்கு வந்தது, நான்கு எழுத்துக்கு ஒரு முறை நின்றது. என் ஆள்காட்டி விரல் நுனி பதினேழு வயதில் ரப்பர் ஷீட் உருட்டுகிற மெஷினில் போனது. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பேனாவைச் செருகி, வலப்பக்கம் புரட்டிப் பிடித்து எழுதுகிறவன் நான். அந்தப் பிடி அதற்குப் பிடிக்கவில்லை. சேதுவின் தோளைத் தட்டி, "கொடுத்து வச்சவன்டா நீ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

சரி, பழங்கதை போதும். திருகு இறுகித்தான் இருக்கிறது. ஒரு வாரத்தில் பார்த்து அனுப்புகிறேன், கவலைப்பட வேண்டாம்.

அண்ணன்,
கார்த்திகேசு


அசாம் ஜாவா
10-4-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு வாரம் என்றீர்கள். நான்கு வாரம் ஆயிற்று. "நாளைக்கிக் கொண்டாறேன் டீச்சர்" என்று சொல்கிற பிள்ளைகளை நான் நம்புவதில்லை. உங்களை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் மழை பெய்ததா இல்லையா என்பதைக் காலண்டரின் பின்பக்கம் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டு வருகிறேன். பேனா வந்ததும் அதையெல்லாம் எடுத்து எழுத வேண்டும். இது என்னடா புதுப் பழக்கம் என்று நினைப்பீர்கள். இருக்கட்டும்.

அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள். பேனா எந்த நிலையில் இருக்கிறது என்று இரண்டு வரியாவது எழுதுங்கள்.

திலகம்


ரவாங்
22-4-1984

அன்புத் தங்கச்சிக்கு,

கோபம் வேண்டாம். திருகைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே இருக்கிற சின்ன வளையம் தேய்ந்துபோயிருப்பது தெரிந்தது. அது இங்கே கோலாலம்பூரில் கிடைக்காது. சிங்கப்பூரில் தெரிந்த ஒருவருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அவர் அனுப்பியதும் அரை மணி நேர வேலை. ஜெர்மன்காரன் பேனாவில் அவசரப்படக்கூடாது. அவசரப்பட்டால் தண்டு வெடித்துவிடும், அப்புறம் நீங்களும் நானும் உட்கார்ந்து அழ வேண்டியதுதான்.

அது கிடக்கட்டும். இந்தக் கொஞ்ச நாளாக எனக்கு எழுதிக்கொண்டே இருக்கத் தோன்றுகிறது, தங்கச்சி. ஏனென்று தெரியவில்லை. ஃபேக்டரி ஸ்டோரில் ஸ்டாக் கார்டுகளை எல்லாம் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதிவிட்டேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, எனக்குக் கல்யாணமா என்று கேட்டார். பாகான் நக்கோடா ஓமாரில் என் அக்கா லீலாவதி இருக்கிறாளே, அவளுக்கு மூன்று வருஷமாகப் பதில் போடாதவன் போன வாரம் எட்டுப் பக்கம் எழுதினேன். கடிதத்தின் கனத்தைப் பார்த்து, யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோய்ப் பக்கத்துக் கடையிலிருந்து போன் போட்டாள். "ஒண்ணுமில்லக்கா, சும்மா எழுதணும்னு இருந்துச்சு" என்றேன். அவள் நம்பவில்லை.

நல்ல நிப்பு நல்ல காகிதத்தைத் தொடுகிறபோது ஒரு சத்தம் வரும். காதை வைத்துக் கேட்டால்தான் கேட்கும். ஐம்பத்திரண்டு வயதில் எனக்கு அது போதும்போல் இருக்கிறது. சம்பள உயர்வு வராவிட்டால் போகட்டும் என்று தோன்றுகிறது. இதையெல்லாம் நாகமணியிடம் சொன்னால் அடிக்க வருவாள். சேது இருந்திருந்தால் அவனுக்கு எழுதியிருப்பேன்.

இந்தக் கடிதத்தில் என் எழுத்து எப்படி இருக்கிறது? டீச்சர் என்ற முறையில் சொல்லுங்கள்.

அண்ணன்,
கார்த்திகேசு


அசாம் ஜாவா
17-5-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. முந்தைய கடிதங்களில் இல்லாத தடிப்பும் மெலிவும் வந்திருக்கிறது. ரவாங்கில் புதுப் பேனா வாங்கினீர்களா? சந்தோஷம்.

என் பேனா எங்கே?

திவசத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான் இருக்கிறது. சிங்கப்பூர் வளையம் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். இருக்கிறபடியே அனுப்பிவிடுங்கள். மையில் தொட்டுத் தொட்டு எழுதிக்கொள்வேன். அன்றைக்கு அது என்னிடம் இருந்தே ஆக வேண்டும். இதற்கு மேல் கெஞ்ச எனக்குத் தெரியாது.

திலகம்


ரவாங்
26-5-1984

அன்புத் தங்கச்சிக்கு,

பேனாவை இன்று அனுப்புகிறேன். மை நன்றாக ஏறுகிறது, இறங்குகிறது. இன்னும் பத்து வருஷத்துக்குக் கவலையில்லை.

நீங்கள் கேட்காமலே இன்னொரு வேலையும் செய்திருக்கிறேன். நிப்பு முனையில் இருக்கிற மணி இடது பக்கம் தேய்ந்து சாய்ந்துபோயிருந்தது. எட்டு வருஷம் ஆள் வருகைக்குச் செக்ரோல் எழுதிய இடது கை, தேயாமல் என்ன செய்யும். வலது கைக்காரியான உங்களுக்கு அது கீறத்தான் கீறும். பாவம், நீங்கள் எத்தனை நாள் அதோடு மல்லுக்கட்டினீர்களோ. எண்ணெய்க் கல்லில் வைத்து, எட்டுப் போடுகிற மாதிரி சுழற்றிச் சுழற்றி, பொறுமையாகத் தேய்த்துச் சமப்படுத்திவிட்டேன். இனிமேல் வெண்ணெய் மாதிரி ஓடும். எழுதிப் பார்த்துவிட்டு இந்த அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள்.

திவசத்துக்கு வர முடியாதுபோல் இருக்கிறது. அந்த வாரம் ஸ்டோரில் ஸ்டாக் எடுக்கிறார்கள். மனசால் அங்கேதான் இருப்பேன்.

அண்ணன்,
கார்த்திகேசு


அசாம் ஜாவா
6-6-1984

அண்ணனுக்கு,

சொன்னால் சிரிப்பீர்கள் என்று எழுதியிருந்தேன். இப்போது சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்து ஆபீஸில் தினமும் காலையில் மழை அளக்கிற டின்னைப் பார்த்து எழுதுவது கிராணியின் வேலை. அவர் அதை ஆபீஸ் புத்தகத்தில் எழுதுவதோடு நிறுத்தவில்லை. வீட்டில் தனியாக ஒரு நோட்டு வைத்திருந்தார். தினமும் ஒரு வரி. "மழை இல்லை." "சாயங்காலம் அரை மணி நேரம்." "விடியும்வரை." பதினொரு வருஷத்துக்கு அப்படி இருக்கிறது. அவர் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து காலி.

அவர் போன மூன்றாம் மாதம் அந்த நோட்டையும் பேனாவையும் எடுத்து உட்கார்ந்தேன். வலது கையில் கீறியது, காகிதம் கிழிந்தது. என்ன நினைத்தேனோ, இடது கைக்கு மாற்றினேன். நோட்டைப் பக்கவாட்டில் திருப்பி, அவர் சாய்கிற மாதிரி சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் ஓடியது. அந்தப் பேனா ஒரே ஒரு சாய்வில்தான் எழுதும். கை கொஞ்சம் விலகினாலும் நின்றுவிடும். அந்தச் சாய்வு அவர் கை இருந்த இடம், அண்ணன். எட்டு வருஷம் இருந்து இருந்து அவர் கை அங்கே ஒரு இடத்தை வைத்துவிட்டுப் போயிருந்தது. நான் தினமும் ஐந்து நிமிஷம் அங்கே போய் என் கையை வைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் நான் செய்தது.

இருபத்தாறு வருஷமாகப் பிள்ளைகளுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தவள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கோணல் மாணலாக "மழை இல்லை" என்று எழுதினேன். யாருக்கும் சொல்லவில்லை. பேனா உங்களிடம் இருந்த நாட்களைக் காலண்டரில் குறித்து வைத்தது அதற்காகத்தான்.

மூன்றாம் தேதி படையல் முடிந்து எல்லாரும் போன பிறகு நோட்டை எடுத்தேன். இடது கையில் பிடித்தேன். எழுதவில்லை. எப்படி எப்படியோ சாய்த்துப் பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்தேன். அந்த இடம் இல்லை. கல்லில் போய்விட்டது.

அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. நோட்டில் ஏறவில்லை.

மை ஏறினால் போதும், வேறெதையும் தொட வேண்டாம் என்று எழுதியிருந்தேனே.

திலகம்


ரவாங்
12-6-1984

அன்புத் தங்கச்சி திலகத்துக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நாகமணியிடம் கொடுத்தேன். அவள் படித்ததும் அதை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்து போனாள். இரண்டு நாளாகச் சோறு மட்டும் வைக்கிறாள்.

எனக்கு எப்படித் தெரியும், சொல்லுங்கள். ஒரு வரி எழுதியிருந்தால் கை வைத்திருப்பேனா? தொட வேண்டாம் என்றீர்கள், சரிதான். தெரியாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கெட்டுவிடுமோ என்ற பயத்தில். டாக்டரிடம் போய் ஊசி வேண்டாம் என்கிறோம், அவர் கேட்கிறாரா? நான் பேனா தெரிந்தவன். தேய்ந்த நிப்பைப் பார்த்துவிட்டு அப்படியே மூடி அனுப்ப மனசு வரவில்லை. உங்கள் வலது கை வலிக்கக்கூடாது என்றுதான் செய்தேன். வேறொரு நினைப்பும் எனக்கு இல்லை, சத்தியமாகச் சொல்கிறேன்.

பரிகாரம் செய்கிறேன். என்னிடம் ஒரு பழைய பார்க்கர் இருக்கிறது, தங்க மூடி. அதை எடுத்துக்கொள்ளுங்கள். அல்லது ஜெர்மனிக்கே எழுதிப் புது நிப்பு வரவழைத்துத் தருகிறேன். என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அண்ணன்,
கார்த்திகேசு


அசாம் ஜாவா
2-7-1984

கார்த்திகேசு அவர்களுக்கு,

பார்க்கர் வேண்டாம். புது நிப்பும் வேண்டாம்.

என் வலது கைக்காகச் செய்தேன் என்று சத்தியம் செய்திருக்கிறீர்கள். உங்கள் கடிதம் வந்த பிறகுதான் அதை வலது கையில் பிடித்தே பார்த்தேன், அதுவரை மனசு வரவில்லை. கீறுகிறது. முன்பைவிட மோசமாகக் கீறுகிறது. உங்களுக்குத்தான் கை தவறியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கார்த்திகேசுவுக்குக் கை தவறாதே என்று நினைத்தேன்.

முப்பத்தைந்து பிள்ளைகள் பென்சில் பிடிப்பதை ஒரு பார்வையில் பார்த்து, எவன் எப்படிப் பிடிக்கிறான் என்று சொல்கிற வேலை எனக்கு. மேசைமேல் பேனாவை வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஆள்காட்டி விரலை மடக்கிக்கொண்டேன். கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகி, வலப்பக்கம் புரட்டிப் பிடித்தேன்.

வெண்ணெய் மாதிரி ஓடியது.

உங்கள் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்தேன். மார்ச் மாதத்தில் உங்கள் வழக்கமான சீனாப் பேனாவின் ஒரே மாதிரிக் கோடு. ஏப்ரலிலும், பேனாவை அனுப்பிய மே மாதத்திலும் தடிப்பும் மெலிவும். ஜூனில் மறுபடி சீனாப் பேனா. புதுப் பேனாவா என்று அசட்டுத்தனமாக விசாரித்தவள் நான். உங்கள் எழுத்து எப்படி இருக்கிறது என்று என்னிடமே மார்க் கேட்டீர்கள். நானும் போட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. எத்தனை நாள் அதில் எழுதினீர்கள்?

திலகம்


ரவாங்
29-7-1984

திலகத்துக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதையும் கிழித்துவிடுவதற்குள் உறையில் போட்டுவிட வேண்டும்.

பெட்டி வந்த அன்றைக்கே திருகு சரியாகிவிட்டது. கொஞ்சம் கிரீஸ் போதுமாக இருந்தது. சிங்கப்பூரில் எனக்கு யாரையும் தெரியாது. பேனா எழுபது நாளுக்கு மேல் என்னிடம் இருந்தது, அத்தனை நாளும் எழுதினேன்.

முதல் நாள் மை ஏற்றிப் பார்த்தேன், ஏறுகிறதா என்று சோதிக்கத்தான். ஒரு வரி எழுதினேன். பாய் கடையில் நின்ற மாதிரியே நின்றது. சேது இல்லை, அவனைப் புதைத்து ஒன்பது மாதம் ஆகிறது, மண்ணைப் போட்டவர்களில் நானும் ஒருத்தன். அப்போதும் அந்தப் பேனா, உனக்கு எழுதமாட்டேன் என்கிறது. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவன் மேல்தான். செத்துப்போன சிநேகிதன் மேல் பொறாமைப்பட்டவன் என்று என்னைப் பற்றி நானே எழுதுகிறேன். படித்துக்கொள்ளுங்கள்.

நிப்பைக் கழற்றிக் கல்லில் வைத்தேன். ஒரே ஒரு சுற்று, கீறலை எடுப்பதற்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டேன். கொஞ்சம் இணங்கியது. இன்னும் ஒரு சுற்று. தினமும் ஆபீஸ் விட்டு வந்து ஒரு சுற்று. ஏப்ரல் நடுவில் ஒரு நாள் நிற்காமல் ஒரு பக்கம் முழுக்க எழுதியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றும் இருந்ததில்லை. அதையும் மறைத்தால் இந்தக் கடிதத்தில் அர்த்தமில்லை. உங்கள் பேனாவைக் கெடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை. திருப்பி அனுப்ப வேண்டிய நாள் வந்தபோதுதான் தோன்றியது. உங்கள் வலது கைக்காகச் செய்தேன் என்று எழுதினேன். எழுதி முடித்ததும் நானே அதை நம்பிவிட்டேன். திவசத்துக்கு வராததற்கும் ஸ்டாக் காரணமில்லை.

நீங்கள் இடது கையில் எழுதினீர்கள் என்று படித்த அன்று எண்ணெய்க் கல்லை எடுத்துக்கொண்டுபோய்ப் பின்னால் சாக்கடையில் போட்டேன். அதனால் யாருக்கு என்ன லாபம்.

இத்துடன் ஒரு கட்டு அனுப்புகிறேன். எழுபத்தைந்திலிருந்து சேது அந்தப் பேனாவால் எனக்கு எழுதிய கடிதங்கள், மொத்தம் முப்பத்தெட்டு. அவனுடைய நிப்பு இப்போது இருப்பது உங்கள் மழை நோட்டிலும் இவற்றிலும் மட்டும்தான். இவற்றைப் பார்த்துப் பார்த்து நிப்பைப் பழையபடி தேய்த்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இனி அதில் கை வைக்க எனக்குத் துணிவில்லை. கடிதங்கள் உங்களுக்குச் சேர வேண்டியவை.

மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

கார்த்திகேசு


அசாம் ஜாவா
26-8-1984

கார்த்திகேசு அண்ணனுக்கு,

கட்டு வந்து சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. முப்பத்தெட்டையும் படித்தேன். எல்லாம் பேனா. மை, காகிதம், மூடியில் இருக்கிற கிளிப்பு, விளம்பரத்தில் பார்த்த இன்னொரு பேனா. என்னைப் பற்றி மூன்றே இடத்தில் வருகிறது. மை பாட்டிலை ஒளித்துவைத்தேன் என்று ஒன்று. மரவள்ளிக்கிழங்குக்கு உப்புப் போட மறந்தேன் என்று ஒன்று. பள்ளிக்கூடத்தில் சளி பிடித்துக்கொண்டு வந்து அவருக்கும் கொடுத்தேன் என்று ஒன்று. சிரித்துக்கொண்டேதான் படித்தேன். கடைசிக் கடிதத்தைத் திரும்பக் கட்டில் வைக்கும்போது அழுகை வந்துவிட்டது.

எழுபத்தொன்பதில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "நீ ஒரு தடவைகூட அந்தப் பேனாவை எழுதக் கொடு என்று கேட்டதில்லை, கார்த்தி. கேட்டுவிடுவாயோ என்று நான் பயந்துகொண்டேதான் இருக்கிறேன். கேட்டால் கொடுக்க வேண்டும், கொடுத்தால் நிப்புக் கெடும். கேட்காமல் இருக்கிறாயே, நீ பெரிய மனுஷன்" என்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு நீங்கள் அடுத்த பஸ்ஸில் வந்து அவரோடு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருப்பீர்கள். பேனா அவர் சட்டைப் பையில் இருந்திருக்கும். அவர் செய்ததும் சரியென்று எனக்குப் படவில்லை.

என்னிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று இந்த மூன்று வாரமும் யோசித்தேன். கொடுத்திருக்க மாட்டேன். ஆனாலும் நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

மை இல்லாத ஒரு பேனாவை இடது கையில் பிடித்து, அவர் எழுத்துக்கள் மேலேயே நடத்திப் பார்த்தேன். கை போகிறது. சாய்வு தவறினால் நிறுத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை, அதுபாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. இரண்டு நாளில் விட்டுவிட்டேன். மழை நோட்டையும் கட்டி உள்ளே வைத்துவிட்டேன்.

போன சனிக்கிழமை பேனாவை இனாயத்துல்லா பாயிடம் கொண்டுபோனேன். யார் செய்தது என்று நான் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், நிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கும் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "இன்னொரு தடவ கல்லுல வச்சா மணி போயிரும்மா. இனிமே இது வேற ஆளுக்குத் திரும்பாது" என்று மட்டும் சொன்னார். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அதனால் பேனாவை உங்களுக்கே அனுப்பிவிட்டேன். ரெஜிஸ்டர் தபாலில் வரும். தண்டனையாக அனுப்புகிறேன் என்று நினைக்க வேண்டாம், ஜூனில் என்றால் அப்படி அனுப்பியிருப்பேன். மனம் இளகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம், அதுவும் இல்லை. அது எழுதுகிற கை இனி உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது உங்களுடையது. என் அலமாரியில் கிடந்து காய்ந்துபோவதைப் பார்க்க எனக்குச் சக்தியில்லை. பூட்டி வைக்காதீர்கள், திருகு மறுபடி இறுகிவிடும். தினமும் எழுதுங்கள். ஸ்டாக் கார்டு எழுதுங்கள், உங்கள் லீலாவதி அக்காவுக்கு எட்டுப் பக்கம் எழுதுங்கள்.

எனக்கும் எழுதுங்கள். இந்த ஊரில் அவரைப் பற்றிப் பேசுவதற்கு எனக்கு யாரும் இல்லை. ஆனால் எனக்கு எழுதும்போது வேறு பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். மறந்துபோய் அதில் எழுதிவிட்டால் எனக்குத் தெரிந்துவிடும், அண்ணன். அதற்குப் பிறகு நான் உறையைப் பிரிக்க மாட்டேன்.

திலகம்